13 வருஷம் யாரும் வாங்காத முதல் நாவல்: ஹிலாரி மான்டெல் வரலாற்றை எழுதக் கற்றது எப்படி?

2009இல் ‘உல்ஃப் ஹால்’ நாவலுக்குப் புக்கர் பரிசு கிடைத்தபோது ஹிலாரி மான்டெலுக்கு வயது 57. அடுத்த மூன்றே ஆண்டில், அதன் தொடர்ச்சியான ‘பிரிங் அப் தி பாடீஸ்’ நாவலுக்கு மறுபடியும் அதே பரிசு. புக்கரை இரண்டு முறை வென்ற முதல் பெண் அவர்தான்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால், அவர் முதன்முதலில் ஒரு வரலாற்று நாவலை எழுத உட்கார்ந்தது 1974இல், 22 வயதில். எழுதி முடித்தது 1979இல். அது புத்தகமாக வந்ததோ 1992இல்! வேலைக்குப் போய்க்கொண்டே ‘ஒரு நாள் நாவல் எழுதணும்’ என்று நினைப்பவர்களுக்கு, பரிசு வாங்கிய மான்டெலைவிட இந்த 18 வருஷ மான்டெல்தான் உதவியாக இருப்பார்.

யார் இந்த மான்டெல்?

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் 1952இல் பிறந்தவர். ஐரிஷ் வம்சாவளி கத்தோலிக்கக் குடும்பம். லண்டனில் சட்டப் படிப்பைத் தொடங்கி, ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 1973இல் பட்டம் பெற்றார். வரலாறு அவர் பாடமே இல்லை. படித்து முடித்ததும் முதியோர் மருத்துவமனை ஒன்றில் சமூகப் பணி, பிறகு மான்செஸ்டரில் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் விற்பனையாளர் வேலை. முதல் நாவல் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

அந்த நாவலின் களம் பிரெஞ்சுப் புரட்சி. ஏன் அதை எடுத்தார்? காரணம் ரொம்ப எளிமையானது. பிரெஞ்சுப் புரட்சி பற்றித் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு நாவல் கிடைக்குமா என்று தேடினார். கிடைக்கவில்லை. சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

மூன்று இளைஞர்கள், ஐந்து வருஷம்

அவர் பிடித்துக்கொண்டது அரசரையோ அரசியையோ அல்ல. ஜார்ஜ் டான்டன், கமீல் தேமூலான், மேக்ஸிமிலியன் ரோபஸ்பியர் என்ற மூன்று வழக்கறிஞர்களை. 1789 ஜூலையில் பாஸ்டில் சிறை தாக்கப்பட்டபோது டான்டனுக்கும் கமீலுக்கும் வயது 29, ரோபஸ்பியருக்கு 31. கமீலும் ரோபஸ்பியரும் பாரிஸில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கமீலின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர்களில் ரோபஸ்பியரும் ஒருவர்.

ஐந்தே வருஷத்தில் எல்லாம் மாறியது. 1794 மார்ச் இறுதியில் டான்டனையும் கமீலையும் கைது செய்யும் உத்தரவில் ரோபஸ்பியர் கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் 5 அன்று இருவரும் கில்லட்டினில் கொல்லப்பட்டனர். நான்கு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 28 அன்று ரோபஸ்பியருக்கும் அதே கில்லட்டின்.

கல்யாணத்துக்கு வந்த நண்பன் மரணத்துக்கு எப்படிச் சம்மதித்தான்? தேதிகளையும் உத்தரவுகளையும் ஆவணங்கள் சொல்லிவிடும். அந்த மனுஷன் மனசுக்குள் என்ன ஓடியது என்பதை ஆவணம் சொல்லாது. நாவலுக்கு வேலை ஆரம்பிப்பது அங்கேதான்.

‘எதையும் கற்பனை செய்யக் கூடாது’

ஆரம்பத்தில் மான்டெல் தனக்குப் போட்டுக்கொண்ட விதி கடுமையானது: தகவல் எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும், நாமாக எதையும் சேர்க்கக் கூடாது. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் படிப்பது, குறிப்பு எடுப்பது என்று போனது வாழ்க்கை. 1977இல் நிலவியல் வல்லுநரான கணவரின் வேலைக்காக ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவுக்குக் குடிபெயர்ந்தார். எழுத்து வேலை அங்கும் தொடர்ந்தது.

எழுத எழுதத்தான் சிக்கல் புரிந்தது. முக்கியமான இடங்களில் தகவலே இல்லை. ஒரு கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்பது தெரியும். அதற்கு முந்தைய இரவு வீட்டில் கணவனும் மனைவியும் என்ன பேசினார்கள் என்பது தெரியாது. ‘யாராவது இதை உருவாக்கித்தான் ஆகணும், அது நான்தான்’ என்ற முடிவுக்கு அவர் வந்தார். தகவல் சேகரிப்பவர் நாவலாசிரியராக மாறியது அப்போதுதான்.

ஆனாலும் கோட்டை அழிக்கவில்லை. வேறு இடத்தில் போட்டார், அவ்வளவுதான். பிற்காலத்தில் அவர் விளக்கிய விதம் இது: ஒரு மனிதனின் உள்ளத்துத் தவிப்பைக் கற்பனையாக எழுதலாம்; அவன் வீட்டுச் சுவரில் ஒட்டிய காகிதத்தின் நிறத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. சரிபார்க்க முடிந்ததைச் சரிபார்க்க வேண்டும்; சரிபார்க்கவே முடியாத இடத்தில்தான் கற்பனைக்கு அனுமதி. கதைக்கு வசதியாக இல்லை என்பதற்காக ஒரு நிகழ்வின் தேதியை நகர்த்துவது அவருக்குப் பிடிக்காத விஷயம். அந்த நிஜ வரிசைக்குள்ளேயே நாடகம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பது அவர் கட்சி.

உடம்பும் படுத்தியது, பதிப்புலகமும் கைவிட்டது

இந்த வருஷங்கள் முழுக்க அவருக்குக் கடுமையான வலி இருந்தது. மருத்துவர்கள் அதை மனநலப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். அதற்கான மாத்திரைகளும் கொடுத்தார்கள். கடைசியில், போட்ஸ்வானாவில் ஒரு மருத்துவப் புத்தகத்தைப் புரட்டித் தன் நோயைத் தானே கண்டுபிடித்தார். எண்டோமெட்ரியோசிஸ். அதாவது, கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. 27 வயதில் லண்டனில் பெரிய அறுவை சிகிச்சை. அதன் பிறகு குழந்தை பெற முடியாது என்ற நிலை.

நாவலை முடித்ததும் அதே காலகட்டம்தான். அதுவும் நிராகரிக்கப்பட்டது. ஓர் இலக்கிய முகவருக்கு மான்டெல் எழுதிய கடிதத்தில், தன் புத்தகம் பிரெஞ்சுப் புரட்சி பற்றியது, ஆனால் வரலாற்றுக் காதல் கதை இல்லை என்று தெளிவாகவே சொல்லியிருந்தார். வந்த பதில் என்ன தெரியுமா? ‘வரலாற்றுக் காதல் கதைகளை நாங்கள் எடுப்பதில்லை’ என்பதுதான்! வரலாற்று நாவல் என்றாலே பட்டுப் பாவாடையும் உயரக் கொண்டையும் என்று பதிப்புலகம் முடிவுகட்டியிருந்த காலம் அது.

பிளான் பி என்ன?

மான்டெல் அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தூக்கி எறியவில்லை. அதே சமயம், அதையே கட்டிப்பிடித்து அழுதுகொண்டும் இருக்கவில்லை. பதிப்பாளர்கள் எடுக்க வாய்ப்புள்ள மாதிரி ஒரு சமகால நாவலை எழுத முடிவு செய்தார். சமூகப் பணியில் பார்த்த வீடுகளும் மனிதர்களும் அதற்குக் கை கொடுத்தன. ‘எவ்ரி டே இஸ் மதர்ஸ் டே’ 1985இல் வெளியானது.

பிறகு சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் வாழ்ந்த அனுபவத்திலிருந்து ஒரு நாவல், இன்னும் சில நாவல்கள், வாரப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் என்று பெயர் கிடைத்தது. எழுத்தாளர்களின் வெளிவராத முதல் நாவல்கள் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காகக் கேட்டபோது, பழைய பிரதியைப் பற்றி வெளியே சொன்னார். அதுதான் திருப்பம். 1992இல் ‘எ பிளேஸ் ஆஃப் கிரேட்டர் சேஃப்டி’ வெளியானது. 800 பக்கங்களைத் தாண்டும் அந்த நாவலின் முன்குறிப்பில், ரொம்ப நம்ப முடியாததாகத் தெரியும் விஷயங்கள்தான் பெரும்பாலும் உண்மை என்று வாசகர்களுக்கு ஒரு துப்பும் கொடுத்திருந்தார்.

ஒரு ஆளுக்கு ஒரு அட்டை

ஆராய்ச்சியை அவர் எப்படிக் கையாண்டார்? தாமஸ் குரோம்வெல் பற்றிய ‘உல்ஃப் ஹால்’ எழுதும்போது, கதாபாத்திரங்களின் பெயர்களை அகர வரிசைப்படுத்தி அட்டைகள் வைத்திருந்தார். எந்தத் தேதியில் அந்த ஆள் எந்த ஊரில் இருந்தார் என்பது அட்டையில் இருக்கும். வேறு ஊரில் இருந்த ஒரு பிரபுவை லண்டன் விருந்தில் உட்கார வைத்துவிட்டால் மொத்தக் காட்சியும் பொய்யாகிவிடுமே!

காட்சிகள், உரையாடல் துணுக்குகள், ஒற்றை வரி யோசனைகள் ஆகியவற்றைச் சின்ன அட்டைகளில் எழுதிப் பலகையில் குத்தி வைப்பதும் அவர் பழக்கம். எது முதலில், எது அடுத்து என்பதை உடனே முடிவு செய்ய மாட்டார். அட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கொத்தாகும் வரை காத்திருப்பார்.

ஆராய்ச்சி ஆளையே விழுங்கினால்?

இதற்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 2017இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளை மான்டெல் நிகழ்த்தினார். வரலாற்றுப் புனைவு பற்றிய அந்த ஐந்து உரைகளில் ஒன்று ஸ்தானிஸ்வாவா பிஷிபிஷெவ்ஸ்கா என்ற போலந்து நாடக ஆசிரியரைப் பற்றியது. அவருக்கும் பிரெஞ்சுப் புரட்சிதான் உலகம், ரோபஸ்பியர்தான் நாயகன். வறுமை, தனிமை, மார்ஃபின் பழக்கம் என்று சுருங்கிய வாழ்க்கை 1935இல், 33 வயதில் முடிந்தது. அவருடைய டான்டன் நாடகம்தான் பிற்பாடு ஆந்த்ரே வாய்தாவின் ‘டான்டன்’ படத்துக்கு அடிப்படையானது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஒரே காலகட்டத்தின் மீது பித்துக்கொண்ட இரண்டு பெண்கள். ஒருவர் அந்த அறையை விட்டு வெளியே வரவே இல்லை. மற்றவர் வெளியே வந்து, வேறு கதைகள் எழுதி, சம்பாதித்து, பிறகு பழைய பிரதிக்குத் திரும்பினார்.

எழுத நினைப்பவர்களுக்கு என்ன இருக்கிறது?

முதலாவது, வரலாற்றுப் பட்டம் இல்லை என்பது தடையே இல்லை. ஆனால் தேதியும் இடமும் சரியாக இருக்க வேண்டும். அதற்கு இன்றைக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். இரண்டாவது, தகவல் தீரும் இடம்தான் கதை தொடங்கும் இடம். ‘இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு எழுதலாம்’ என்று தள்ளிப்போடுவதற்கு முடிவே கிடையாது. மூன்றாவது, நிராகரிப்பு வந்தால் பிரதியைப் பத்திரப்படுத்திவிட்டு அடுத்ததை ஆரம்பிக்கலாம்.

குரோம்வெல் வரிசையின் மூன்றாவது நாவல் 2020இல் வந்தது. 2022 செப்டம்பரில், 70 வயதில் மான்டெல் காலமானார். அந்த முதல் நாவல் இன்றும் கடைகளில் கிடைக்கிறது.