முழங்கையில் ஒரு துருத்தி

என் தாத்தா வாழ்நாள் முழுக்க ஒத்து ஊதியவர். நாகஸ்வரக்காரர் ராகத்தில் எங்கே சுற்றினாலும், இவர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரே சுரத்தில் நிற்பார். கல்யாண வீட்டில் அவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பிறகு சுருதிப் பெட்டி வந்தது. தாத்தா வீட்டோடு இருந்துவிட்டார்.

பிழைப்புக்காக அயர்லாந்து வந்த எனக்கு, அதே ஒத்துச் சத்தம் மறுபடி காதில் விழுந்தது மில்டவுன் மல்பேயில். கிளேர் மாவட்டத்தில், அட்லாண்டிக் கரையோரம் உள்ள சிற்றூர் அது. ஜூலை மாதக் காலை. ஒரு வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒருவர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். குழல் பாடுகிறது, ஒத்து ஒலிக்கிறது, ஆனால் அவர் வாயில் ஒன்றுமே இல்லை!

அந்த வாத்தியத்தின் பெயர் இல்லன் பைப்ஸ். ஐரிஷ் மொழியில் 'இல்லன்' என்றால் முழங்கை சம்பந்தப்பட்டது. வலது முழங்கைக்கு அடியில் சின்னத் துருத்தி, இடது கக்கத்தில் தோல் பை. துருத்தி பையை நிரப்பும், பை குழலுக்குக் காற்று தரும். ஸ்காட்லாந்துப் பை வாத்தியத்தை வாயால் ஊதுவார்கள். எச்சில் ஈரம் உள்ளே போகும். இங்கே போவது உலர்ந்த காற்று. அதனால் ஒலி எழுப்பும் நாணல் நாக்கான சீவாளியை மெல்லியதாகச் சீவலாம். பையைச் சற்று அழுத்தினால் குழல் மேல் ஸ்தாயிக்குத் தாவும். அதோடு, சத்தமும் வீட்டுக்குள் வாசிக்கிற அளவுக்கு மென்மை.

மொத்தம் ஏழு குழல்கள். ஒன்றில்தான் பாட்டு. மூன்று, ஒரே சுரத்தை மூன்று ஸ்தாயிகளில் பிடிக்கும் ஒத்து. மிச்சம் மூன்றிலும் சாவிகள் உண்டு. விரல்கள் பாட்டில் இருக்கும்போதே மணிக்கட்டால் அந்தச் சாவிகளைத் தட்டி இசைவுச் சுரங்கள் சேர்க்க வேண்டும். பாட்டுக் குழலின் அடியைத் தொடையில் அழுத்தி அடைத்தால், சுரம் கத்தரித்தாற்போல் நிற்கும். நல்ல வாசிப்புக்கு 21 வருஷம் என்பது அங்கே வழக்கு: ஏழு வருஷம் கற்க, ஏழு வருஷம் பழக, ஏழு வருஷம் வாசிக்க.

அந்த வகுப்பு வில்லி கிளான்சி கோடைப் பள்ளியைச் சேர்ந்தது. கிளான்சி அந்த ஊர்க்காரர், தச்சர், பைப்ஸ் வாசிக்கும் பைப்பர். 1918-இல் பிறந்தார். அவருடைய அப்பா கில்பர்ட்டுக்குப் பாட்டுகளைத் தந்தவர் காரெட் பேரி என்ற பார்வையற்ற பைப்பர். பேரி அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தின் உச்சத்தில், 1847-இல் பிறந்தவர். அப்பா வழியாக வந்த அந்தப் பாட்டுகளோடு, குதிரை வண்டியில் ஊர் ஊராகச் சுற்றிச் சந்தைகளில் வாசித்த ஜானி டோரனின் வேகமும் வில்லியைப் பிடித்துக்கொண்டது. 1948-இல் டப்ளினில் ஒரு சுவர் டோரனின் வண்டிமேல் இடிந்து விழுந்தது. அவரால் பிறகு நடக்க முடியவில்லை, 1950-இல் இறந்தார். விபத்துக்கு முந்தின வருஷம், நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காக அவர் வாசிப்பை இசைத்தட்டில் பதிந்து வைத்தார்கள், பிழைத்தோம்! இன்றைக்கும் பைப்பர்கள் அதைக் கேட்டுத்தான் பாடம் செய்கிறார்கள்.

1968-இல் 'நா பீபரி இல்லன்' என்ற பைப்பர்கள் சங்கம் தொடங்கியபோது, வாசிக்கிறவர்கள் நூறு பேர்கூட இல்லை. 1973 ஜனவரியில் கிளான்சி காலமானார். அதே கோடையில் நண்பர்களும் ஊர்க்காரர்களும் அவர் பெயரில் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜூலை வந்தால் ஊரே இசைப் பள்ளிக்கூடம்தான். காலையில் பைப்ஸ், பிடில், புல்லாங்குழல் என்று வகுப்புகள். மாலையில் கச்சேரி, நடனம். ராத்திரி மதுக்கடைகளில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடிய வாசிப்பு. போட்டி கிடையாது, பரிசும் கிடையாது.

எனக்குப் பிடித்தது சீவாளி செய்யக் கற்றுத்தரும் அறை. ஒரு பெண் நாணல் துண்டைச் சீவுகிறாள், உதட்டில் வைத்து ஊதிப் பார்க்கிறாள், தலையை ஆட்டுகிறாள், மறுபடி சீவுகிறாள். ஒரு இழை கூடுதலாகப் போனால் அத்தனை உழைப்பும் குப்பைக்குத்தான். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் அடுத்த துண்டை நீட்டுகிறார். தாத்தா திண்ணையில் சீவாளியோடு மல்லாடியது நினைவுக்கு வந்தது. அவருக்கு அடுத்த துண்டை நீட்ட ஆளில்லை. எங்கள் வீட்டில் யாரும் கற்றுக்கொள்ளவில்லை, நான் உட்பட.

2017-இல் இல்லன் பைப்ஸ் வாசிப்பை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் அதற்கு 44 வருஷம் முன்பே அந்தச் சிற்றூர் வேலையைத் தொடங்கியிருந்தது. ஜூலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ராத்திரிக் கச்சேரியோடு திரும்பிவிடாதீர்கள். காலை வகுப்பையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.