சிற்றூரின் வாக்கும் அதன் இரகசியமும்

நகரவாசிகளைவிடக் கிராமவாசிகள் வாக்களிப்பதில் அதிக முனைப்புக் காட்டுகின்றனர் என்பது நம் நாட்டுத் தேர்தல்களில் பன்முறை கண்ட உண்மையாகும். சில சிற்றூர்களில் ஒருவர்கூட விடுபடுவதில்லை. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், 15,256 அடி உயரத்திலுள்ள தாஷிகாங் வாக்குச் சாவடியில், 2022ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது 52 வாக்காளர்களும் வாக்களித்தனர்.

இந்த முனைப்புக்குக் கடமையுணர்வு ஒரு காரணம் எனலாம். ஆனால் அதுவே முழுக் காரணமன்று. சிற்றூரில் யார் வந்தார், யார் வரவில்லை என்பது மாலைக்குள் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. முகவர்கள் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர்களைக் குறித்து வருகின்றனர். வராதவர் வீட்டுக்கு ஆள் அனுப்பப்படுகிறது. எனவே, வாக்களிக்கச் செல்வது என்பது ஊரறிந்த செயல். யாருக்கு வாக்களித்தார் என்பதை மட்டுமே சட்டம் மறைத்து வைக்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி, யாருக்கு வாக்களித்தார் என்று கூறுமாறு எவரையும் சாட்சியத்தில் வற்புறுத்த இயலாது. 128ஆம் பிரிவு, தேர்தல் பணியாளரும் முகவரும் இரகசியத்தைக் காக்க வேண்டுமென விதிக்கிறது.

இச்சட்டங்கள் தனி வாக்காளரைக் காக்கின்றனவே தவிர, ஊரைக் காப்பதில்லை. சமூகவியல் அறிஞர் எம். என். சீனிவாஸ், மைசூர்ப் பகுதியின் கிராமம் ஒன்றை ஆராய்ந்து 1955இல் வெளியிட்ட கட்டுரையில் 'வாக்கு வங்கி' என்னும் தொடரைக் கையாண்டார். இன்று சாதி, மதத் தொகுதிகளைக் குறிக்க அது தாராளமாகப் பயன்படுகிறது. அன்று அதன் பொருள் குறுகியது. நிலமும் செல்வாக்கும் உடைய ஒருவர், தம்மை அண்டி வாழ்வோரின் வாக்குகளைத் திரட்டி வேட்பாளருக்கு அளிக்கும் ஏற்பாட்டையே அது சுட்டியது. இத்தகைய ஏற்பாட்டுக்கு இன்றியமையாத ஒன்று உண்டு. கொடுத்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பின்னர் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். அந்த வழியை வாக்கு எண்ணும் முறையே வழங்குகிறது.

வாக்குச் சீட்டுகள் வழக்கிலிருந்த காலத்தில், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண இடமிருந்தது. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 59அ விதி, மிரட்டலுக்கு வாய்ப்புண்டு எனக் கருதும் தொகுதிகளில் அவ்வாறு கலக்கத் தேர்தல் ஆணையம் ஆணையிட வகை செய்தது. 1982இல் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட மின்னணு இயந்திரம், 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பரவியது. ஒவ்வொரு இயந்திரமும் தன் சாவடியின் கணக்கைத் தனியே காட்டுகிறது. அக்கணக்குகள் 20ஆம் எண் படிவத்தில் சாவடி வாரியாகப் பதிவாகின்றன. ஆயிரம் வாக்காளர் கொண்ட சாவடியில் இதனால் பெருந்தீங்கு இல்லை. ஐம்பது வாக்காளர் கொண்ட சாவடியிலோ நிலை வேறு. 47 வாக்குகள் ஒருவருக்கும், மூன்று மட்டும் எதிரணிக்கும் விழுந்ததாகக் கொள்வோம். அந்த மூவர் யார் என்பதை உறவும் பகையும் அறிந்த ஊரார் ஒரே நாளில் ஊகித்துவிடுவர். சாலை, குடிநீர்க் குழாய், வீட்டுமனைப் பட்டா ஆகியவற்றுக்குப் பிறரை எதிர்நோக்கும் எளியோருக்கு இந்த ஊகமே போதிய அச்சுறுத்தலாகும். கிராமங்கள் அளித்த வாக்கு விகிதத்திற்கேற்பத் தரம் பிரித்தே பணிகள் நடைபெறும் என்று 2019 தேர்தலில் வேட்பாளர் ஒருவர் வெளிப்படையாகவே பேசி, ஆணையத்தின் கண்டனத்துக்கு உள்ளானார்.

இதற்கு மாற்றாக, 14 சாவடிகள் வரையிலான இயந்திரங்களை இணைத்து மொத்தக் கணக்கை மட்டும் காட்டும் கூட்டுக் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் பரிந்துரைத்தது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆம் அறிக்கையில் இதனை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எதிர்வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. சாவடியில் பதிவான வாக்குகளின் எண்ணிக்கை 17இ படிவத்தில் முகவர்களுக்கு வழங்கப்படுகிறது. எண்ணும் நாளில் அதனோடு ஒப்பிட்டு முறைகேட்டைக் கண்டறிய சாவடிவாரிக் கணக்கு உதவுகிறது. மேலும், 2019ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற ஆணைப்படி ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகள் இயந்திரக் கணக்கோடு ஒப்பிடப்படுகின்றன. அதற்கும் தனிக்கணக்கு வேண்டும். ஆனால் இச்சோதனைகளை அதிகாரிகளும் முகவர்களும் மண்டபத்துக்குள்ளேயே செய்து முடிக்கலாம். சிற்றூர்களின் தனிக்கணக்கைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது அதற்குத் தேவையா என்பதே பதில் கிடைக்காத வினாவாக நிற்கிறது.

எவரையும் விரும்பாதவரின் நிலையில் மட்டும் ஒரு திருத்தம் ஏற்பட்டது. முன்பு 49ஒ விதியின்கீழ் வாக்களிக்க மறுப்பவர், அதிகாரியிடம் கூறிப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டியிருந்தது. சாவடியில் இருந்தோர் அனைவரும் அதை அறிந்தனர். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின்னர், 'மேற்கண்ட எவருமில்லை' என்னும் பொத்தான் இயந்திரத்திலேயே இடம்பெற்றது.

ஊராட்சித் தேர்தல்களில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. அங்கு ஒரு வார்டில் சில நூறு வாக்குகளே இருக்கும். வேட்பாளர் அடுத்த வீட்டுக்காரராகவும் இருப்பார். பத்து வாக்கு வேறுபாட்டில் தோற்றவர், தமக்கு வாக்களிக்காத உறவினரைக் கணக்கிடத் தொடங்குவார்.