கருமணலும் காமிராவின் சாட்சியமும்

புகைப்படமும் சலனப்படமும் கண்ணுக்குப் புலனாகும் பொருள்களைப் பதிவு செய்வதற்கென்றே தோன்றிய கலைகள். ஆனால் இந்தக் காலத்தில் நம்முடைய காற்றையும் நீரையும் மண்ணையும் கெடுத்து வருகிற பொருள்களுள் மிகப் பல, கண்ணுக்குப் புலனாகாதவை. பாதரச ஆவிக்கு நிறமில்லை; கதிரியக்கத்துக்கு மணமில்லை; மீனின் சதையில் கலந்து நிற்கும் நஞ்சை அதை உண்பவன் நாவினால் அறிய முடியாது. இவற்றால் விளையும் தீங்கும் உடனே வெளிப்படுவதில்லை. இன்று தீண்டியது பல ஆண்டுகள் கழித்தே நோயாகத் தலைகாட்டக்கூடும். காணக்கூடியதை மட்டுமே காட்டவல்ல ஒரு சாதனம், காண முடியாத ஒரு கேட்டை ஜனங்களுக்கு எவ்வாறு உணர்த்தக்கூடும் என்ற கேள்விக்குப் பல தேசத்துத் திரைப்படக் கலைஞர்களும் சென்ற ஐம்பது ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறார்கள். அந்த விடைகளுள் ஒன்று நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையிலேயே கிடைத்தது என்பதை இம்மாவட்டத்தவர்களுள்ளும் பலர் அறியார்.

குமரிக் கடற்கரையைத் தமிழ்த்திரை நன்கு அறியும். இயக்குநர் பாரதிராஜா 1981-இல் ‘அலைகள் ஓய்வதில்லை’ என்ற படத்தையும், 1986-இல் ‘கடலோரக் கவிதைகள்’ என்ற படத்தையும் முட்டத்தில் எடுத்தபோது, அவ்வூரின் பாறைகளும், அவற்றின்மீது மோதிச் சிதறும் அலைகளும், மாதா கோவிலும் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களுக்கும் அறிமுகமாயின. அந்தச் சௌந்தரியம் பொய்யன்று; இன்றும் அங்கே போய் நிற்பவர் மனத்தை அது கவர்ந்தே தீரும். ஆயினும் அதே கரையில் மேற்கு நோக்கிச் சில மைல் நடந்து, கடியபட்டணத்தைக் கடந்து, மணவாளக்குறிச்சியை அடைகிறவர், காதற் படங்களில் இடம்பெறாத வேறொரு சரித்திரத்தின்மீது கால் வைக்கிறார். அந்தச் சரித்திரம் மணலில் எழுதப்பட்டது; அந்த மணல் கறுப்பு நிறமானது.

கன்னியாகுமரிக்கு வரும் யாத்திரிகர்கள் கறுப்பும் சிவப்புமான மணலைச் சிறு பொட்டலங்களாக வாங்கிச் செல்வதுண்டு. தேவியின் திருமணம் நின்றுபோன அன்று சமைக்கப்படாமற்போன அரிசியும் தானியங்களுமே இப்படி மணலாயின என்பது ஸ்தல ஐதிகம். விஞ்ஞானம் கூறும் கதையும் சுவையில் அதற்குக் குறைந்ததன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைந்து, ஆறுகளால் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, பருவக்காற்றுக் காலத்து அலைகளால் மீண்டும் கரையில் ஒதுக்கப்படும்போது, இலேசான மணல் அலையோடு திரும்பிவிட, கனமான தாதுக்கள் கரையிலேயே தங்கிவிடுகின்றன. கறுப்பாயிருப்பது இல்மனைட், வெள்ளை வர்ணத்துக்கு வேண்டிய டைட்டானியம் இதிலிருந்து கிடைக்கிறது. சிவப்பாயிருப்பது கார்னெட், இது உப்புத்தாள் செய்யவும் தேய்ப்பு வேலைக்கும் உதவுகிறது. இவற்றோடு தேன் நிறத்தில் சிறு அளவில் கலந்திருப்பதுதான் மோனசைட். தோரியம் என்ற கதிரியக்க மூலகமும், காந்தம் முதலிய நவீன உபகரணங்களுக்கு இன்றியமையாத அரிய மண் மூலகங்களும் அதில் அடங்கியிருக்கின்றன.

இந்தக் கரையின் மோனசைட்டை உலகுக்கு அறிவித்தவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலில் 1909-இல் அவர் அதைக் கண்டார். அக்காலத்தில் காஸ் விளக்கின் மாண்டில் செய்வதற்குத் தோரியம் மிகுதியாகத் தேவைப்பட்டமையால், விரைவிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் உருவாகி, 1963-இல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின்கீழ் முழு அரசு நிறுவனமாயிற்று. மணவாளக்குறிச்சி ஆலை அதன் அங்கம். ஊரார் வாய்வழக்கில் அது ‘மணல் ஆலை’. சின்னவிளை, பெரியவிளை முதலிய மீனவக் குடியிருப்புகளின் அருகில் அமைந்துள்ள அந்த ஆலை, அப்பகுதியில் பல குடும்பங்களுக்கு ஜீவனமும் அளித்திருக்கிறது. பல குடும்பங்களின் நெஞ்சில் நீங்காத அச்சத்தையும் விதைத்திருக்கிறது.

இந்த அச்சத்தைக் காமிராவின் முன் பேச வைத்தவர் மதுரையைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதன். ‘ரேடியேஷன் ஸ்டோரீஸ்’ என்ற தலைப்பில் அவர் வரிசையாக எடுத்த மூன்று படங்களுள் முதலாவது மணவாளக்குறிச்சியைப் பற்றியது. அது 2010-இல் வெளிவந்தது. அடுத்தவை கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் பற்றியவை. காண முடியாத கதிரியக்கத்தை எப்படிக் காட்டுவது என்ற சங்கடத்துக்கு அமுதன் கண்ட உபாயம் எளிமையானது. அவர் கருவிகளையும் வரைபடங்களையும் முதன்மையாக நம்பாமல், அந்த மண்ணில் வாழ்கிறவர்களின் முகங்களையும் வாய்மொழியையும் நம்பினார். தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் வந்த புற்றுநோயைப் பற்றியும், அகன்றுபோன மணலைப் பற்றியும், தங்கள் கேள்விகளுக்கு விடை கிடைக்காததைப் பற்றியும் ஜனங்கள் தம் சொந்த வழக்கிலேயே பேசும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவர்களுடைய பேச்சின் தயக்கத்திலும் பார்வையிலும் பிரத்தியட்சமாகிறது.

இங்கே நாம் நிதானித்துச் சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு தெருவில் பலருக்குப் புற்றுநோய் வந்தது என்று அத்தெருவார் சொல்வது உண்மையான வேதனை. ஆனால் அந்நோய்க்குக் காரணம் இன்னதென்று நிறுவுவதற்கு அது மட்டும் போதுமான ஆதாரமாகாது. இதே வகை மணல் பரந்து கிடக்கும் கேரளத்துக் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தார் ஏறக்குறைய 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அங்குள்ள இயற்கைக் கதிரியக்கத்தின் மிகுதியால் புற்றுநோய் அதிகரித்ததாகக் காணப்படவில்லை. இந்த முடிவை மறைத்துவிட்டு அச்சத்தை மட்டும் வளர்ப்பது நேர்மையாகாது. அதே சமயத்தில், அந்த ஆராய்ச்சி இயற்கையாகக் கிடக்கும் மணலைப் பற்றியது என்பதையும், மணலை அள்ளுவதாலும் பிரிப்பதாலும் உழைப்பாளிக்கும் அண்டை வீட்டாருக்கும் கரைக்கும் நேர்வது என்ன என்பது வேறு கேள்வி என்பதையும், ஓர் ஊரின் கேள்விக்கு மற்றோர் ஊரின் விடையைக் கூறி வாயடைப்பது நியாயமாகாது என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஆகவே, சூழற்கேட்டைப் பற்றிய படத்தின் ஸ்தானம் என்ன என்று கேட்டால், அது சாட்சியின் ஸ்தானம் என்பதே என் துணிபு. சாட்சி சொல்பவர் தாம் கண்டதையும் அனுபவித்ததையும் உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர். தீர்ப்பு எழுதுவது அவர் வேலையன்று. ஆனால் சாட்சியை அழைக்காமலே எழுதப்படும் தீர்ப்பு பெரிய அநீதி. தீர்ப்பை வழங்க வேண்டியவர்கள், படத்தைக் கண்டு, மருத்துவரையும் விஞ்ஞானியையும் ஆலை அதிகாரியையும் வினாவி, உண்மையைத் தேடும் பிரஜைகளாகிய நாமே. படம் நம்மை அந்த விசாரணைக்கு எழுப்பினால் அதன் பணி நிறைவேறியது. வெறும் கண்ணீரோடு வீட்டுக்கு அனுப்பினால் பாதி வழியில் நின்றது.

இதற்கு ஜப்பான் தேசத்து மினமாட்டா ஒப்பற்ற உதாரணம். சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவிலிருந்த பாதரசக் கூட்டுப்பொருள் மீனில் சேர்ந்து, மீனை உண்ட செம்படவர்களின் நரம்புகளைத் தாக்கியது. 1956-இல் நோய் அதிகாரபூர்வமாக வெளிப்பட்டும், ஆலைக் கழிவே அதற்குக் காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. நொரியாகி த்ஸுசிமோட்டோ என்ற இயக்குநர் அந்நோயாளிகளோடு பழகி 1971-இல் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவருடைய பெருமையை நான் அதில் மட்டும் காணவில்லை. நோயைப் பற்றி வாய் திறக்க வெட்கியும் அஞ்சியும் இருந்த அந்தக் கடலோரக் கிராமங்களுக்கே 1977-இல் அவர் தம் படங்களைக் கொண்டு சென்று, ஊர் ஊராகத் திரையிட்டார். எவருடைய துயரம் திரையில் இருந்ததோ, அவர்களே அதைக் காண வேண்டும் என்று அவர் கருதினார்.

நம் தேசத்திலும் சாட்சியத்தின் குரலை அடக்க முயன்றது உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட கொடுமையைப் பற்றித் தபன் போஸ், சுஹாசினி முலே முதலியோர் எடுத்த ‘பியாண்ட் ஜெனோசைட்’ என்ற ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. ஆயினும் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்ப மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. அரசைக் குறை கூறுகிறது என்பதற்காக மட்டும் ஒரு படத்தை அரசின் ஊடகம் ஒதுக்குதல் ஆகாது என்ற கருத்துப்பட 1992-இல் தீர்ப்பாயிற்று. சூழற்கேட்டைப் பற்றிப் படமெடுக்கிற எவருக்கும் அந்தத் தீர்ப்பு ஓர் அரண்.

கொடைக்கானலின் கதை நமக்கு இன்னும் அண்மையானது. ஹிந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடப்பது வெளிப்பட்ட பிறகு, 2001-இல் மூடப்பட்டது. தொழிலாளர்களோ ஆண்டுக்கணக்கில் நிவாரணத்துக்காக அலைந்தார்கள். அமுதன் 2011-இல் அதைப் பற்றியும் ஒரு படம் எடுத்தார். 2015-இல் சோபியா அஷ்ரப் பாடிய சில நிமிஷப் பாட்டுப் படம் ஒன்று கைப்பேசி வழியே உலகெங்கும் பரவி, லட்சக்கணக்கானோரை அந்த ஊரின் பெயரை உச்சரிக்க வைத்தது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்வது, பதினைந்து ஆண்டுகள் போராடியவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் அப்போராட்டத்தின் கடைசி உந்துதலில் அதற்கும் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை.

கதைப்படங்களும் இத்துறையில் தொண்டு செய்யக்கூடியவையே. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவிப் பாலசந்தர் 1981-இல் எடுத்த ‘தண்ணீர் தண்ணீர்’ ஒரு வறண்ட கிராமத்தின் தாகத்தைத் தமிழர் நெஞ்சில் பதித்தது. நாஞ்சில் நாட்டு ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், சீர்திருத்தக் கருத்துகளைச் சிரிப்பினூடே ஜனங்களிடம் சேர்த்த வித்தையைக் கற்றுத்தந்து போயிருக்கிறார். அந்த வித்தையைச் சூழற்கேட்டின் விஷயத்தில் கையாள ஒருவர் இன்னும் நமக்குத் தோன்றவில்லை.

ஆவணப்படங்களுக்கோ இம்மாவட்டத்தில் விஷயப் பஞ்சமே இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் ஆழ்கடலில் நம் மீனவர்களைக் கொண்டுபோன துயரத்தைத் திவ்யபாரதி ‘ஒருத்தரும் வரேல’ என்ற படமாக்கினார். நாகர்கோவிலின் சாக்கடையைச் சுமந்து செல்லும் பழையாற்றையும், கல்லுக்காக உடைக்கப்படும் கல்குளம், விளவங்கோடு வட்டத்துக் குன்றுகளையும், மனைகளாக மாறும் நாஞ்சில் நாட்டு வயல்களையும், 2022-இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம், தேரூர்க் குளங்களையும் யார் பொறுமையோடு படம்பிடிக்கப் போகிறார்கள்? ஓடும் ஆறு பத்தாண்டுகளில் எப்படி மாறியது என்பதை ஆண்டுதோறும் ஒரே படித்துறையில் நின்று எடுத்த படம் சொல்வதுபோல வேறு எந்தச் சொற்பொழிவும் சொல்லாது. அதற்குப் பெரிய மூலதனம் தேவையில்லை. கைப்பேசியும், விடாமுயற்சியும், பொய் கலவாத மனமும் போதும்.

இவ்வளவையும் இப்போது வற்புறுத்தக் காரணம் உண்டு. கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு முதலிய ஊர்களில் 1,144 ஹெக்டேர் நிலப்பரப்பில் தாது மணல் எடுக்கும் திட்டத்துக்காக 2024 அக்டோபர் 1-ஆம் தேதி நடத்துவதாயிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம், ஜனங்களின் கடும் எதிர்ப்புக்கிடையே ஒத்திவைக்கப்பட்டது. அத்தகைய கூட்டத்தில் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் உரத்த குரலில் பேசிக் கலைவதால் மட்டும் உண்மை துலங்காது. இம்மாவட்டத்தில் ஊர்தோறும் நூலகங்களும் படிப்பகங்களும் உண்டு; ஆலய மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் உண்டு. மணவாளக்குறிச்சிப் படத்தையும் மினமாட்டாப் படத்தையும் அங்கே திரையிட்டு, மறுபக்கம் பேசக்கூடிய நிபுணரையும் மரியாதையோடு அழைத்து, பெண்களும் கடல் தொழிலாளிகளும் தயக்கமின்றிக் கேள்வி கேட்க இடமளித்தால், அவர்கள் அரசாங்கத்தின் கூட்டத்துக்குப் போகும்போது அச்சத்தோடு மட்டும் போகமாட்டார்கள். எந்தக் கணக்கைக் கேட்பது, எந்த ஆராய்ச்சியை வேண்டுவது, எந்த வாக்குறுதியை எழுத்தில் பெறுவது என்ற தெளிவோடு போவார்கள். சாட்சியம் கூறக் கலைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். அதை ஊர்கூடிக் கேட்டு, ஆராய்ந்து, அதன்மீது செயற்படுவது இந்தக் கரையில் வாழும் நம் ஒவ்வொருவரின் கடமை.