ஜன்னல் திரைக்கும் ஒரு சரித்திரம்!

லண்டனிலிருந்து வந்த என் பெண், "அம்மா, உனக்குப் பிடிக்கும்" என்று சட்டம் போட்ட ஒரு படத்தை நீட்டினாள். சாமி படமில்லை, இயற்கைக் காட்சியில்லை. வெறும் ஜன்னல் திரை! தங்க முலாம் பூசிய கழி, அதில் மாலை மாலையாகச் சரியும் சிவப்புப் பட்டு, ஓரமெல்லாம் குஞ்சலம், உள்ளே மெல்லிய மஸ்லின்.

"திரைக்குக் கூடவா படம் போடுவாங்க?" என்று சிரித்தேன்.

போட்டிருக்கிறார்கள். ருடால்ஃப் அக்கர்மன் என்ற ஜெர்மானியர் லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் படக்கடை வைத்திருந்தவர். 1809-ல் 'ரிப்பாசிட்டரி ஆஃப் ஆர்ட்ஸ்' என்ற மாதப் பத்திரிகையை ஆரம்பித்தார். சுமார் இருபது வருடம் நடந்தது. உடை, நாற்காலி, ஜன்னல் திரை என்று புதுப்புது மோஸ்தர்களின் படங்கள் அதில் வரும். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்டு, ஒவ்வொரு பிரதிக்கும் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். ஆரம்ப வருடங்களில் நிஜத் துணித் துண்டுகளையே வெட்டி ஒட்டித் தந்தார்கள் என்றால் பாருங்களேன்!

படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை விடவில்லை. எங்கள் ஹாலிலும் அதே போல் கனத்த திரை, உள்திரை, மேலே தொங்கல் என்று தைத்து மாட்டினேன். வந்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். மாமியார் மட்டும், "காத்தே வரலையேம்மா, நெஞ்சை அடைக்குது" என்றார். வயசானவங்க ஏதோ சொல்றாங்க என்று இருந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி அவருக்கு மூச்சிரைப்பு. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டில் தூசு சேருகிற இடம் எது?" திரும்பி வந்து திரையைத் தட்டினேன். குப்பென்று கிளம்பிய தூசியில் எனக்கே தும்மல். தண்ணீரில் நனைக்கக் கூடாத துணி என்று ஒருமுறைகூடத் துவைக்கவில்லை!

அந்த ஊர்க்காரர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள் போலும். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் தம் செவிலியர் குறிப்புகளில் நோயாளிக்கு முதலில் நல்ல காற்று, அடுத்து வெளிச்சம் என்று எழுதினார். 1868-ல் சார்லஸ் ஈஸ்ட்லேக் என்பவர் வீட்டலங்காரம் பற்றிய தம் புத்தகத்தில், இந்த ஆடம்பரத் திரைகளைச் சாடி, சாதாரணக் கம்பியும் வளையமும் போதும் என்றார்.

இன்னொரு வேடிக்கை. நம் சோழமண்டலக் கரையில் தயாரான பூப்போட்ட பருத்தித் துணிமேல் ஆங்கிலேயப் பெண்களுக்கு அத்தனை மோகம். உள்நாட்டு நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று, 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் தொங்கவிடவும் தடைச்சட்டமே போட்டார்கள்! பிரபல நடிகர் டேவிட் கேரிக்கின் மனைவிக்குப் பரிசாக வந்த மசூலிப்பட்டினத்துக் கட்டில் திரைகளைச் சுங்கத்தார் பறிமுதல் செய்தனர். பிற்பாடு அவை அவர் கைக்கு வந்தன. அந்தக் கட்டில் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில்.

இப்போது எங்கள் ஹாலிலும் கலம்காரிப் பருத்திதான். ஒரே அடுக்கு. தரையில் புரளாத உயரம். இரண்டு ஜோடி, ஒன்று ஜன்னலில், ஒன்று துவைக்க. காலையில் முழுக்க ஒதுக்கிவிடுகிறேன். மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்கிறார்.

படம்? சுவரில் பத்திரமாக இருக்கிறது. அழகு அழகுதானே! கண்ணாடிக்குள் இருக்கும்வரை அதில் தூசு சேராது.