ஒளிந்திருக்கும் ஐஜிஎஃப்-1

வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். பிட்யூட்டரி சுரப்பி இதை விட்டுவிட்டுத்தான் சுரக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தின் முதல் வேளையில் அதிகம். ரத்தத்தில் இதன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடமே. எனவே பகலில் எடுத்த ஒரே ஒரு ரத்த மாதிரியில் அளவு மிகக் குறைவாக இருந்தாலும் அதைக் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. குளோனிடின், குளுகோகான் போன்ற மருந்துகளால் சுரப்பைத் தூண்டி, குறித்த இடைவெளியில் பலமுறை ரத்தம் எடுத்தே குறைபாட்டை அறிகிறார்கள். மிகைச்சுரப்பு என்று சந்தேகம் வந்தால், பெரியவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, ஹார்மோன் அளவு இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள்.

இந்த ஏற்ற இறக்கத் தொல்லை ஐஜிஎஃப்-1 புரதத்தில் இல்லை. வளர்ச்சி ஹார்மோனின் ஏவலால் பெரும்பாலும் கல்லீரலில் உருவாகும் இது, நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஆனால் அளப்பவருக்கு வேறொரு சிக்கல். ரத்தத்திலுள்ள ஐஜிஎஃப்-1 பெரும்பாலும் தனித்துத் திரிவதில்லை. ஐஜிஎஃப்பிபி-3 முதலிய பிணைப்புப் புரதங்கள் அதைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளக்க உருவாக்கிய முறையிலிருந்து கிளைத்த இன்றைய சோதனைகள், ஆன்டிபாடி தேடும் புரதத்தைப் போய்த் தொடுவதையே நம்பியிருக்கின்றன. பிணைப்புப் புரதம் மறைத்துவிட்டால் எண் தவறிவிடும்.

இதற்குக் கண்ட வழி அழகானது. முதலில் சீரத்தில் அமிலம் சேர்த்தால் பிடி விடுபடுகிறது. அமிலத்தன்மையை நடுநிலையாக்கியதும் பிணைப்புப் புரதங்கள் மறுபடி பற்றப் பார்க்கும். அதற்குள் ஐஜிஎஃப்-2 என்ற உறவுக்காரப் புரதத்தை ஏராளமாகக் கொட்டிவிடுகிறார்கள். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அது எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ள, ஐஜிஎஃப்-1 வெளியே நிற்கிறது. ஆன்டிபாடி ஐஜிஎஃப்-2-ஐ ஏறக்குறைய கண்டுகொள்ளாது என்பதால் கணக்குக் குழம்புவதில்லை.

எண் கிடைத்தபின் அதைப் படிப்பதில்தான் தவறு அதிகம். ஐஜிஎஃப்-1 பருவமெய்தும் காலத்தில் உச்சத்துக்கு ஏறி, பிறகு வயதோடு இறங்கும். ஊட்டக்குறைவும் கல்லீரல் நோயும் அதைத் தாழ்த்தும்; மெலிந்த பிள்ளையின் குறைந்த எண்ணுக்கு ஹார்மோன் ஊசியைவிடச் சோறே முதல் மருந்தாக இருக்கலாம். கருவிக்குக் கருவி எண்ணும் மாறும். உயர வளர்ச்சி வரைபடத்தைப் பார்க்காமல், ஒற்றை ஹார்மோன் எண்ணை மட்டும் காட்டிப் பெற்றோரைப் பயமுறுத்துவது வீண் வேலை. அறிக்கையில் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வரம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுபரிசோதனையை அதே ஆய்வகத்தில், அதே முறையில் செய்யுங்கள்.