இரண்டே கிராம் காவல்காரன்!

மார்கழித் தேரோட்டத்தன்று எங்கள் சுசீந்திரத்தில் ரத வீதிகள் நிரம்பி வழியும். தேர் பார்க்க ஓடி, கீழே விழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. மறுநாள் அந்தக் காயம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடும். ஏன் தெரியுமா?

காயத்தின் வழியே நுழைந்த கிருமிகளோடு வெள்ளையணுக்கள் போரிடுகின்றன. இதற்கு 'அழற்சி' என்று பெயர். இந்தப் போரில் உலோகங்களும் ஆயுதங்கள்! சில வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கி, செம்பையும் துத்தநாகத்தையும் அதன்மேல் பாய்ச்சிக் கொல்கின்றன. கிருமி வளரத் தேவையான இரும்பையோ உடல் ஒளித்து வைத்துக்கொள்கிறது!

அழற்சி அளவு மீறாமல் அடக்கவும் துத்தநாகம் வேண்டும். பெரியவர்கள் உடலிலேயே அது ஏறத்தாழ 2 கிராம்தான் இருக்கிறது. அதுவும் குறைந்தால்?

1958-ம் ஆண்டு. ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றிய டாக்டர் ஆனந்த பிரசாத்திடம் ஒரு நோயாளி வந்தார். வயது 21, தோற்றமோ பத்து வயதுச் சிறுவன்! கோதுமை ரொட்டிதான் அவருடைய உணவு. மண்ணும் தின்பார். தானியத்தில் உள்ள 'ஃபைட்டேட்' என்ற பொருள் துத்தநாகத்தை உடலில் சேரவிடாது. பிறகு எகிப்தில் இதேபோன்ற இளைஞர்களுக்குப் பிரசாத் துத்தநாகம் கொடுத்தார். அவர்கள் வளர்ந்தார்கள்! நோய் எதிர்ப்புக்கும் துத்தநாகம் தேவை என்று பின்னாளில் அவரே காட்டினார். பீகாரின் பக்சரில் பிறந்த இந்த மேதை 2022-ல் மறைந்தார்.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலுடன் துத்தநாகமும் கொடுக்க வேண்டும் என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் அறிவித்தன. நம் நாட்டில் 14 நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். "வயிற்றுப்போக்குதான் நின்றுவிட்டதே" என்று மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்துவது தவறு. முழுவதும் கொடுத்தால், அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு வயிற்றுப்போக்கு மீண்டும் வரும் வாய்ப்பும் குறையும்.

உங்கள் வீட்டுத் தம்பி, தங்கைக்கு டாக்டர் இந்த மாத்திரையைக் கொடுத்தால், காலண்டரில் 14 நாளையும் குறித்துவைத்து அம்மாவுக்கு நினைவூட்டுங்கள். ஆனால், டாக்டர் சொல்லாமல் யாரும் விழுங்கக் கூடாது. துத்தநாகம் மிகுந்தால் உடலில் செம்பு குறைந்துவிடும்!

நமக்குத் தினமும் வேண்டிய துத்தநாகம் முட்டை, இறைச்சி, நிலக்கடலை, எள், பயறு வகைகளில் இருக்கிறது. சிறுபயறை முளைகட்டினால் ஃபைட்டேட் குறையும். இன்று இரவே ஒரு கைப்பிடி ஊறப் போடலாமா?