சக்கரத்தின் மேல் குடித்தனம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டின் பன்னிரண்டு மாதமும் மோட்டார் வண்டியிலேயே குடியிருந்து ஊர் ஊராகச் செல்வோர் பலர் உளர். படுக்கை, அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி யாவும் அவ்வண்டிக்குள் அமைந்திருக்கும். குளிர்காலம் வந்தால் தெற்கே அரிசோனாப் பாலைநிலத்தை நாடுவர். கோடையில் வடக்கே திரும்புவர். நம் நாட்டில் படப்பிடிப்பு நடக்குமிடத்தில் நடிகர் இளைப்பாற நிற்கும் ‘கேரவன்’ வண்டி இதற்கு நெருங்கிய உறவு. இஃது ஏதோ மேனாட்டுப் புதுமை என்று நம்மவர் வியப்பதைக் கேட்கிறோம். அவ்வியப்பு சற்று மிகை என்பதே நமது கருத்து.

தொண்டைமான் இளந்திரையன்மீது பாடப்பெற்ற பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் உப்பு வண்டிகள் வருகின்றன. உமணர் என்போர் கடற்கரை உப்பை உள்நாட்டிற்கு ஏற்றிச் சென்று விற்றவர். அவர்தம் குடும்பம் முழுவதும் வண்டியோடு சென்றது. காடி வைத்த கலத்தைக் கயிற்றால் பிணித்திருப்பர். கோழி அடையும் கூடும் உண்டு. சிறிய உரல் ஒன்று தொங்கிக்கொண்டு வரும். பிள்ளையைப் பெற்ற தாயே எருதுகளை ஓட்டுவாள். அடுக்களையும் தொட்டிலும் ஒருங்கே நகர்ந்தன என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்? உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்தனர் என்பதையும், அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர் என்பதையும் புறநானூற்றால் அறிகிறோம். இன்றைய ‘ஸ்டெப்னி’ அதன் பேரப்பிள்ளை.

தொண்டை நாட்டிற்கு வட எல்லை வேங்கட மலை. அம்மலைக்குத் தென்மேற்கே நெடுந்தொலைவில், சித்தூர் மாவட்டத்தின் கோடியில் குடுபல்லி உள்ளது. ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு மூன்றும் நெருங்கும் மூலை அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அவ்வட்டாரத்தில் கலந்து வழங்குகின்றன. கீழே சமவெளி; மேலே மைசூர்ப் பீடபூமி. கடலுப்பு மேலே ஏற வேண்டும். உள்நாட்டுத் தானியம் கீழே இறங்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய வழிகளில் வண்டி ஏறாத இடங்களிலும் பொதி சுமந்தவர் குறவரும் எருகலரும் லம்பாடியரும் ஆவர். கழுதையும் எருதும் அவர்தம் ஊர்திகள், கூடாரமே இல்லம். 1791, 1792ஆம் ஆண்டுகளில் காரன்வாலிஸ் மைசூர்மீது படையெடுத்தபோது அப்பெரும்படைக்குத் தானியம் கொண்டு சேர்த்தவர்களுள் லம்பாடியரும் இருந்தனர். அவர்கள் இலக்கின்றி அலைந்தவர் அல்லர்; சரக்கு எங்குத் தேவையோ அங்குச் சென்றவர்.

1864ஆம் ஆண்டில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. குப்பமும் குடுபல்லியும் அப்பாதையில் உள்ள நிலையங்களே. உப்பு மூட்டை சரக்கு வண்டியில் ஏறத் தொடங்கியதும் கழுதையின் முதுகு காலியாயிற்று. பிழைப்புப் போயிற்று, அலைச்சல் மட்டும் எஞ்சியது. அவ்வலைச்சலையே ஐயத்திற்குரியதாகக் கொண்டது ஆங்கில அரசு. 1871ஆம் ஆண்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் சேர்ந்த கூட்டத்தார் காவல் நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். தலைமுறை தலைமுறையாக நடந்த வழியில் நடப்பதற்குச் சீட்டு! எருகலர் பலர் குண்டூர்ப் பகுதியில் ஸ்டூவர்ட்டுபுரம் என்னும் குடியேற்றத்தில் வைக்கப்பட்டனர்.

இச்சட்டத்தை ஆராய 1949ஆம் ஆண்டில் அமைந்த குழுவிற்குத் தலைமை வகித்தவர் திருப்பதியை அடுத்த திருச்சானூரிற் பிறந்த மா. அனந்தசயனம் ஐயங்கார், பின்னாளில் மக்களவைத் தலைவரானவர். சட்டத்தை நீக்குமாறு அக்குழு பரிந்துரைத்தது. 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அது நீங்கிற்று. ஆயினும் ஐயம் சட்டத்தோடு ஒழிந்துவிடவில்லை.

தில்லியில் வாழும் நேயர்கள் சாலையோரத்தில் காடியா லோஹார் என்னும் கொல்லரின் வண்டிகளைக் கண்டிருப்பீர்கள். பித்தளை பதித்த கனத்த மரவண்டி, பக்கத்திலே உலை, துருத்தி, இடுக்கியும் கோடரியும் பரப்பிய சாக்கு. 1568ஆம் ஆண்டில் சித்தோர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபோது, அதை மீட்கும்வரை கூரையின்கீழ் வாழ்வதில்லை என்று தம் முன்னோர் சூளுரைத்தனர் என்பது அவர்கள் மரபு. 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பிரதமர் நேரு அவர்களைக் கோட்டைக்குள் அழைத்துச் சென்று சூளுறவு நிறைவேறியதாக அறிவித்தார். விழா சிறப்பாகவே நடந்தது. ஆனால் விழாவினால் நிலமும் தொழிலும் அனைவருக்கும் வந்துவிடா; பலர் வண்டிக்கே திரும்பினர்.

இங்கே, அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு நன்கு பழகிய ஒன்று குறுக்கிடுகிறது: விண்ணப்பத் தாளில் ‘நிலையான முகவரி’ என்னும் கட்டம். நாம் அதில் தஞ்சையோ நெல்லையோ எழுதிவிடுகிறோம். அவ்வீட்டில் நாம் வாழ்ந்து முப்பது ஆண்டு ஆகியிருந்தாலும் எவரும் கேட்பதில்லை. அமெரிக்க வண்டிவாசி தெற்கு டகோட்டா போன்ற மாநிலத்தில், அஞ்சலைப் பெற்று அனுப்பித்தரும் நிலையம் ஒன்றின் முகவரியைக் கட்டணம் செலுத்திப் பெறுகிறார். ஓட்டுநர் உரிமமும் அம்முகவரிக்கே வருகிறது. கொல்லர் வண்டிக்கு அத்தகைய வசதி ஏது? கட்டம் வெறுமையாக நின்றால் குடும்ப அட்டை இல்லை. சாதிச் சான்றிதழ் இல்லை. பள்ளியிற் பிள்ளையைச் சேர்ப்பதும் கடினம். 2008ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த ரெங்கே ஆணையம் இக்குறையைச் சுட்டிற்று. ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’த் திட்டம் 2022ஆம் ஆண்டில் எல்லா மாநிலங்களையும் எட்டியது. எந்த ஊர்க் கடையிலும் தானியம் பெற அது வழி செய்கிறது. ஆனால் முதலில் ஓர் அட்டை கையில் இருக்க வேண்டும்.

வாக்குரிமையில் மட்டும் சிறிது வழி உண்டு. வீடற்றவர் வாக்காளராகப் பதிவதற்கு வசிப்பிடச் சான்று தேவையில்லை என்கின்றன தேர்தல் ஆணையத்தின் விதிமுறைகள். தாம் உறங்கும் இடத்தை அவர் குறிப்பிட்டால் போதும். வாக்குச்சாவடி அலுவலர் இரவில் அங்குச் சென்று அவர் உறங்குவதைக் கண்டு உறுதி செய்வார். ஒருமுறை கண்டால் போதாது. வேறோர் இரவிலும் வந்து பார்ப்பார். அந்த இரவிலும் வண்டி அதே இடத்தில் நிற்க வேண்டும்.